இதர

நாலரை மணிக்கு வலை கனத்தது.
வின்ச் முனகியது. கயிறு நாணேறி
தன் நீரைத் தானே பிழிந்துகொண்டது.
கையுறைக்குள் ஊதியபடி தாங்கேனி சொன்னான்:
"இருபது டன். குறைந்தால் என் பெயரை மாற்று."

வால்விஸ் வளைகுடா அறுபது மைல் பின்னால்.
பனிமூட்டம் விளக்கைச் சுற்றி
ஈரக்கூடு கட்டியிருந்தது.
கடலடிச் சேற்றிலிருந்து கந்தகம்
அழுகிய முட்டை வாடையாய்
வருவதும் போவதுமாக இருந்தது.

கைனோ இந்தப் படகில் மீன் பிடிப்பவள் அல்ல,
எண்ணுபவள்.
அரசு கொடுத்த அட்டை, தராசு, கட்டைப் பென்சில்.
படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
பத்துக்கும் பெயர் உண்டு.
பதினொன்றாவது: இதர.

முடிச்சை அவிழ்த்தார்கள்.

மேல்தளமெங்கும் சரிந்து பரவியது
யாரோ ஆயிரம் குடைகளைக்
கஞ்சியாய்க் காய்ச்சிக் கொட்டியதுபோல்.
செங்காவிக் கோடுகள். கிழிந்த பாவாடை விளிம்புகள்.
நீர் வடியக் குழாய் இல்லை; நீரே அதுதான்.
கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது.
கேப்டன் ஈப்பிங்கே மேலே இருந்து
கடவுளையும் டீசல் விலையையும்
ஒரே மூச்சில் திட்டினார்.

தமிழில் இதற்குச் சொறிமீன் என்று பெயர்.
தொட்டவன் வைத்த பெயர்.
இழுதுமீன் என்றும் உண்டு,
அது பார்த்தவன் வைத்தது.
இரண்டிலும் "மீன்" பொய்.

முள் இல்லை. செதில் இல்லை. இரத்தம் இல்லை.
இதயம் இல்லாததால் நிற்பதற்கும் ஒன்றுமில்லை.
மூளை இருக்கவேண்டிய இடத்தில்
உடல் முழுக்க ஒரு வலை.
(வலைக்குள் வலை, கைனோ நினைத்தாள்,
படிவத்தில் அதற்கு இடமில்லை.)
உண்ட வாயே கழிவுக்கும் வாசல்.
குடையின் விளிம்பில் எட்டுச் சின்னப் பைகள்.
ஒவ்வொன்றிலும் ஜிப்சப் பொடிபோல் சில மணிகள்,
அவை எந்தப் பக்கம் உருள்கின்றனவோ
அந்தப் பக்கம் கீழ்.
மேல், கீழ், வெளிச்சம், இருட்டு:
இவ்வளவுதான் அதன் உலகச் செய்தி.
இதை வைத்துக்கொண்டு
டைனோசர்களுக்கு முன்பிருந்தே
சுருங்கி, விரிந்து, சுருங்கி.

சமையற்காரர் கோசெப் உதவிக்கு வந்தார்,
கையுறை இல்லாமல்.
செத்துப்போனதுதானே என்று அள்ளினார்.
செத்தது அதுதான்; அதன் கொட்டுசெல்களுக்கு
யாரும் சொல்லி அனுப்பவில்லை.
ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த ஈட்டி,
இமைக்கும் நேரத்தை ஆயிரமாய் நறுக்கி
அதில் ஒரு துண்டுக்குள் பாய்வது.
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
சிவப்பாய் ஒரு சாட்டை எழுந்தது.
"தேய்க்காதே, கடல்தண்ணியை ஊற்று" என்று கத்தினாள்.
அவர் தேய்த்தார். எல்லோரும் தேய்ப்பார்கள்.

மத்தி இருந்த கடல் இது.
தகரத்தில் அடைத்து
உலகத்துக்கு அனுப்பி முடித்தபிறகு
இடம் காலியாய்க் கிடந்தது.
எங்கோ ஒரு பாறையின் அடியில்
தலைகீழாய்த் தொங்கிய அரிசி அளவு மொட்டு
தட்டு தட்டாய்த் தன்னைப் பிரித்தது.
ஒவ்வொரு தட்டும் துடித்துக் கழன்று
நீரில் இறங்கிப் போனது.
படையெடுப்பு என்று ரேடியோ சொன்னது.
காலி வீட்டுக்குள் நுழைவதற்கு
அந்தச் சொல் பெரிது.

மண்வாரியால் தள்ளித் தள்ளி
விடிந்துவிட்டது.
தாங்கேனி எதையும் பார்க்காமல் கேட்டான்,
"எனக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாய்?"
அவள் சிரிக்கவில்லை. குனிந்திருந்தாள்.
கடைசிக் குவியலில், உடையாத ஒரு குடையின் அடியில்,
விரல்நீள அயிலைக் குஞ்சு ஒன்று
வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.
கொட்டும் நூல்களுக்கு நடுவே
கொட்டுப்படாமல் குடியிருந்தது.

அளந்தாள். ஆறு சென்டிமீட்டர்.
விளிம்புக்கு வெளியே விட்டாள்.
அது தண்ணீரில் விழுந்த சத்தம்
இன்ஜினில் கேட்கவில்லை.

பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு,
உப்பு,
அயிலைக் கட்டத்தில் ஒன்று என்றும்
இதர கட்டத்தில்
பதினெட்டாயிரம் கிலோ என்றும் எழுதினாள்.
எண் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கடைசிச் சுழியங்கள் இரண்டும்
ஓரத்து வெள்ளைத் தாளில்
மிதந்துகொண்டிருந்தன.