திரையின் வலது மூலை

தொலைக்காட்சியின் வலது கீழ்மூலையில்
தபால்தலை அளவு இடம் எனக்கு.
கறுப்புச் சட்டை. மோதிரம் கூடாது. நகப்பூச்சு கூடாது.
லண்டன் அவையில் யார் வாய் திறந்தாலும்
என் கைகளில் வந்து பேசிவிட்டுப் போவார்கள்.

இன்று ஊனமுற்றோர் உதவித்தொகை மசோதா.
அமைச்சர் எழுந்தார்.
இரண்டாவது நிமிடமே "சுமை" என்றார்.

எங்கள் சைகையில் சுமை என்றால்
கையைத் தூக்கிச்
சொந்தத் தோளில் வைத்து அழுத்த வேண்டும்.
அவர் பேச்சுமேடையைப் பிடித்தபடி சொல்லிவிடலாம்.
தோள் கொடுக்காமல் என்னால் சொல்ல முடியாது.

வரி செலுத்துவோர் மீது சுமை. தோள்.
பிறக்காத பிள்ளைகள் மீது சுமை. தோள்.
தாங்கவே முடியாத
(கன்னம் உப்பி, கண் சுருங்கி)
சுமை.

கூட்டாதே, குறைக்காதே,
உன் கருத்து முகத்தில் தெரியக் கூடாது.
பயிற்சியில் கையெழுத்து வாங்கிக்கொண்ட விதி.
ஆனால் இந்த மொழியில் முகமும் இலக்கணம்.
புருவம் ஏறாவிட்டால் கேள்வியே கிடையாது.
எதிர்வரிசையில் சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர்
"இதை எந்தச் சமையலறையில் அளந்தீர்கள்?" என்றபோது
என் புருவம் ஏறியது.
அது அவருடைய புருவம்.
நம்புங்கள்.

ஹார்ட்டில்பூலில் ஹீட்டரை அணைத்துவிட்டு
கோட்டோடு சோபாவில் கிடந்து
கிளைவ் பார்த்துக்கொண்டிருப்பான்.
அண்ணன். பிறவியிலேயே காது கேளாது.
அவனோடு சண்டை போடத்தான் நான் இந்த மொழிக்குள் வந்தேன்.
பிஸ்கட் ஆலையில் பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கினான்.
முதுகில் இரண்டு தட்டுகள் போயின.
மதிப்பீட்டைத் தொலைபேசியில் வைத்தார்கள்.
மணி அடித்திருக்கிறது. அவன் எடுக்கவில்லை.
"ஒத்துழைப்பு இல்லை" என்று கடிதம் வந்தது.

பிறகு நேரில், ஒரு கணினிக்கு எதிரே:
உருளைக்கிழங்கு தோல் சீவ முடியுமா?
உட்கார்ந்தால் முடியும்.
உட்கார முடியுமா?
பத்து நிமிடம்.
பத்து நிமிடத்தில் எத்தனை கிழங்கு?
அந்த இடத்தில் சிரித்துவிட்டான்.
"மனநிலை நன்று" என்று பதிவாகியிருக்கிறது.
மதிப்பெண் இரண்டு. தேவை எட்டு.

நாலு மணிக்கு மேல்
அரசுத் தரப்பில் ஓர் இளம் உறுப்பினர்.
அவரை வெறுக்கலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.
"என் தொகுதியில் ஒரு பெண்
ராத்திரி முழுக்க அலுவலகங்களைத் துடைக்கிறாள்.
சம்பளச் சீட்டை நீட்டி
இவ்வளவும் எங்கே போகிறது என்கிறாள்.
அவளுக்கு நான் என்ன சொல்ல?"
குரல் கம்மியது.
கைகளை மெதுவாக்கினேன்.
அவள் சுமைக்கும் இதே தோள்தான், வேறு இல்லை.

ஐந்நூறு கோடி பவுண்டு மிச்சம், என்றார் நிதிக்காரர்.
"யார் தட்டிலிருந்து?" என்று பின்வரிசையில் ஒரு கத்தல்.
அவைக்குறிப்பில் அது ஏறாது.
என் கையில் ஏறியது.

மணி அடித்தது. வரிசையாய்ப் போனார்கள், வந்தார்கள்.
ஒன்பது வாக்கில் நிறைவேறியது.
ஒரு பக்கம் ஆரவாரம்.
ஆரவாரத்துக்கு எங்கள் சைகை
இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி
விரல்களைப் படபடக்க விடுவது.
அதையும் செய்தேன்.
அவன் பார்த்துக்கொண்டிருந்தான், செய்தேன்.

குரோய்டன் ரயிலில் நின்றபடி போனைத் திறந்தேன்.
"கேமராவைக் கொஞ்சம் ஏற்றச் சொல்.
கடைசியில் கை தூக்கினாயே,
விரல்கள் வெட்டுப்பட்டுவிட்டன.
ஏதோ சரணடைகிற மாதிரி இருந்தது.
அப்புறம், இடது தோளைச் சாய்க்கிறாய். வலிக்கிறதா?
சுடுதண்ணீர்ப் பை வை."

ஈஸ்ட் குரோய்டன் வருமுன் இன்னொன்று:
"என்னிடம் இரண்டு இருக்கிறது.
ஒன்றை அனுப்புகிறேன்."