முகவரிக்கு உரியவர்

படிவத்தின் நாலாம் பக்கத்தில்
முகவரிக்கு உரியவரின் சம்மதம் என்று ஒரு கட்டம்.
நொயலீன் ராத்ரே என்று எழுதினேன்.
மை திட்டுத்திட்டாக வந்தது.
நன்னடத்தை அதிகாரி மெலியாமே
தன் பேனாவைத் தந்தாள்.
"முடியவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும்
சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்."
இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில்
யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

நீதிபதி நிதானமாகத்தான் பேசினார்.
தண்டனை வேண்டும், வேலை போகக் கூடாது;
வேலை போனால் பணம் திரும்பாது.
சிறையில் படித்துக்கொண்டு வர
வேறு பாடங்கள் இருக்கின்றன.
குடும்பத்தின் கட்டுக்குள் இருக்கட்டும்,
ஒன்பது மாதம்.
கட்டு என்றபோது
அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

பால்க்ளூதா புல்தரைப் பந்து கிளப்பின் பொருளாளர்
என் கணவர் டூகல்.
புது வேலிக்கென்று சேர்த்த பணம்,
முப்பத்தெட்டாயிரம் டாலர்,
கொஞ்சம் கொஞ்சமாக
மதுக்கடையின் பின்னறையில்
பழங்கள் சுழலும் இயந்திரத்துக்குள் போயிற்று.

கணுக்காலில் இப்போது கறுப்புப் பெட்டி,
சோப்புக்கட்டி அளவு.
தினம் இரண்டு மணி நேரம்
சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்கிறார்,
செல்போனைப் போல, சார்ஜ் ஏற.
முதல் வாரம் சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார்.
பிறகு இருவரும்
சிரிக்க அனுமதி உண்டா என்பதுபோல்
ஜன்னலைப் பார்த்தோம்.

துணி காயும் கம்பிகளில் மூன்றாவது வரை அவர் போகலாம்.
நாலாவதில் காயும் போர்வை என்னுடையது.
தபால்பெட்டி என்னுடையது.
ரொட்டி, பால், குப்பைத்தொட்டி,
நாள் முழுக்க ஓடும் ஹீட்டரின் பில்.
கைதி ஒருவருக்கு ஆகும் செலவு
அரசுக்கு மிச்சமாம், பேப்பரில் போட்டிருந்தது.
அந்த மிச்சம் எந்த அலமாரியிலிருந்து வருகிறது என்று
என்னைக் கேட்டால் திறந்து காட்டுவேன்.

சூப்பர்மார்க்கெட்டில் ஈனா மெக்லேரி
தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.
புருஷன் நினைவாக அவள் கொடுத்த நன்கொடையும்
அந்த வேலிப் பணத்தில் இருந்தது.
ஓட்ஸ் பொட்டலங்களுக்கு நடுவே நின்றேன்,
எதற்கு வந்தேன் என்பது மறந்து.
வேலை நேரம் முடிந்து டூகல் அப்போது
வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்,
யார் கண்ணும் படாமல், பத்திரமாக.
அவர் காவலில் இருந்தார்.
நான் ஊரில் இருந்தேன்.

சொல்லவும் வேண்டும்:
டயர்க்கடைச் சம்பளத்திலிருந்து
வெள்ளிதோறும் தொண்ணூறு டாலர் போகிறது.
செவ்வாய்தோறும் சூதாட்ட ஆலோசனை,
நேரே போய் நேரே வருகிறார்.
ஈனாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்.
மூன்றைக் கிழித்துவிட்டு
நாலாவதை என் கையில் தந்தார்.
மூன்று வாரமாக
அது என் கைப்பையில் இருக்கிறது.
இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

ஆகஸ்டில் ஒரு புயல் ராத்திரி
ஆறு கரையைத் தொட்டது, மின்சாரம் போயிற்று.
ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது.
எங்கிருந்தோ ஓர் இளம் குரல்:
"சிக்னல் கிடைக்கவில்லை.
அவர் வீட்டில் இருக்கிறாரா?"

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும்.
எத்தனை இரவு இதே ஜன்னலில்
கார் வெளிச்சத்துக்காக நின்று
என்னையே கேட்டது.
மதுக்கடைக்குப் போன் போட்டு
வேறு யாரோபோலக் கேட்டது.

டார்ச்சைத் திருப்பினேன்.
வாய் பிளந்து தூங்குகிறார்,
ஒரு கால் போர்வைக்கு வெளியே.

"இருக்கிறார்" என்றேன்.
விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.
"நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?"
அது படிவத்திலிருந்த கேள்வியா
அந்தப் பையனுடையதா, தெரியவில்லை.

கொஞ்ச நேரம் வைத்துவிடாதே என்றேன்.
மழை இரண்டு பக்கமும் கேட்டது.