முக்கோணம் என்றால் ஆண்

முக்கோணம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண்,
இரட்டைக் கோடு கலியாணம்.
இறந்தவர் மேல் குறுக்கே ஒரு சாய்கோடு.
இவ்வளவும் முதலாம் வருடத்திலேயே படித்துவிட்டேன்.
துணுக்காயில், சுபேந்திரன் வீட்டு முற்றத்தில்
ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து
பென்சிலைக் கூராக்கிக்கொண்டு கேட்டேன்:
வீட்டில எத்தினை பேர்?

ஆறு, என்றான்.
நாலு, என்றாள் தர்மினி, குசினிக்குள் இருந்து.

பதிவுக்கருவியில் அதற்குப் பிறகு
பதினொரு விநாடி.
ஒரு மயில். தூரத்தில் லான்ட்மாஸ்டர்.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்து சீறும் சத்தம்.

என் துறையில் மௌனத்தைப் பற்றி ஒரு சண்டை உண்டு.
அதுவும் தரவுதான் என்பார் சிலர்.
சொல்ல மறுத்ததை எழுதாமல் விடுவதும் ஆய்வே
என்பார் வேறு சிலர்.
மாசி மாதக் கருத்தரங்கில் நான்
இரண்டாம் பக்கம் நின்று பேசிக் கைதட்டும் வாங்கினேன்.
இங்கே "மௌனம், 11 வி." என்று தட்டச்சுச் செய்கிறேன்.
வேறென்ன செய்ய.

தேனெடுக்கப் போகும் வழியில் அவன்
ஒரு குழை முறித்துப் பாலை மரத்துக் கவட்டில் வைத்தான்.
ஐயனாருக்கு.
முறிக்காமல் போனா?
ஒருத்தரும் அப்பிடிப் போனதில்லை,
பிறகு எனக்கு எப்பிடித் தெரியும்?
நானும் ஒன்று முறித்தேன்.
அது பங்கேற்பா பயமா என்று குறிப்பில் இல்லை.

அன்றிரவு எழுதியது:
"பாலையில் ஐயனார் இருப்பதாக நம்புகிறார்."
அவன் சொன்னதோ, பாலையில ஐயனார் இருக்கிறார்.
நம்புகிறார் என்பது நான் பையில் கொண்டுபோன சாமான்.
என் செருப்பு வாசலில் இருப்பதாக நான் நம்புகிறேன்
என்று யாராவது எழுதுவார்களா?
வெட்டினேன்.
மேற்பார்வையாளரின் சிவப்பு மை ஞாபகம் வந்து
திரும்ப எழுதினேன்.
விடியவெள்ளன எழும்பி வெட்டினேன்.

இன்னொன்று.
"நாங்கள் திரும்பி வரேக்க கூரை இல்லை" என்கிறான்
இருபத்தேழாவது நிமிடத்தில்.
ஆங்கிலத்துக்கு மாற்றுவது சுலபம், ஒரே சொல்.
புத்தகத் தமிழில் என்றால்
கேட்பவளையும் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள்.
எங்கள் பேச்சில் நாம் கிடையாது.
எல்லாத்துக்கும் நாங்கள்தான்.
நான் விசுவமடுவில் பிறந்தவள்,
அதே மாதங்களில் எங்கள் வீட்டுக்கும் கூரை இருக்கவில்லை.
அந்த நாங்களுக்குள் நான் இருக்கிறேனா
என்று அவனிடமே கேட்கலாமா?
ஆய்வு ஒழுக்கப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மூன்று தரம் பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

படம் கீறி முடிய தர்மினி கை துடைத்தபடி வந்தாள்.
தன் தகப்பனின் மேல் இருந்த கோட்டைத் தொட்டு,
இது என்ன?
செத்தவைக்கு.
விரல் கீழே இறங்கியது.
அவனுடைய தமையன், அவளுடைய தம்பி,
பக்கத்துக்கொன்றாய் இரண்டு வெறும் முக்கோணங்கள்.
இவைக்குப் போடேல்லையோ?
இல்லை.
போடாதைங்கோ, என்றாள்
நாலு என்று சொன்னவள்.
கொஞ்சம் கழித்து,
போடாமல் விட்டா வாசிக்கிற ஆக்களுக்கு விளங்குமோ, என்றாள்.
நான் அழிறப்பரைத் தேடினேன்,
எதை அழிக்க என்று தெரியாமல்.

தேனுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டான்.
கொடையும் கடனும் பற்றி நாற்பது பக்கம் எழுதிவைத்திருப்பவள்
போத்தலை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன்.
மாங்குளம் போகும் பஸ்ஸில் மூடி கழன்று
அது பையெல்லாம் ஊற்றியிருக்கிறது.
ஒப்புதல் படிவம், கையொப்பம், பக்கம் ஒன்பது,
எல்லாம் ஒட்டிக்கொண்டு.

இப்போது எறும்பு.
கலியாணக் கோட்டின் வழியே வரிசையாய் வந்து
கோடில்லாத இரண்டையும் சுற்றி மொய்க்கிறது.
வெள்ளிக்கிழமை அத்தியாயம் கொடுக்கவேண்டும்.
ஊதிவிட்டால் போய்விடும்.
இன்னும் ஊதவில்லை.