தண்ணிக் கழிவு

சின்னத்துரை நவோத் தானே பேசினார்.
குக்கர் மூன்றாவது விசிலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
"மிஸ், மூணே மாசம். கொன்ட்ராக்ட்.
கம்பியூட்டர் மாத்தினதில
இருநூத்திப் பன்னிரண்டு பேரோட சேமலாப நம்பர்
அடையாள அட்டையோட ஒத்துப்போகல.
பழைய செக்ரோல் வாசிக்க
இங்க ஒருத்தருக்கும் தெரியல."
பிறகு தொண்டையைச் செருமி,
"உங்க ரேட் என்னன்னு சொல்லுங்க."

முப்பத்தொரு வருசம்
அடுத்தவர் பேருக்கு நேரே தொகை எழுதினவள் நான்.
அரைப்பேர், முழுப்பேர், கைக்காசு,
தீபாவளி முற்பணம், சாவுக்கு எடுத்த கடன்.
என் பேருக்கு நேரே வருகிற தொகையை
கொழும்பில் யாரோ முடிவு செய்து அனுப்பினார்கள்.
விலை சொல்லி வாய்க்குப் பழக்கமில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.
சோறு குழைந்திருந்தது.

கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கடைசிச் சம்பளம், வகுத்தல் இருபத்தாறு.
பூண்டுலோயா பாதைச் சந்தியிலிருந்து ஒபீசுக்கு ஆட்டோ,
மழையென்றால் அவன் கேட்பது வேறு.
முழங்காலுக்குக் களிம்பு.
வத்தளையிலிருந்து மகள் சொன்னாள்:
"அம்மா, இங்க மணித்தியாலத்துக்குக் கேக்கிறாங்க.
நீங்க நினைக்கிறத ரெண்டால பெருக்குங்க.
குறைச்சுக் கேட்டா
வேலை தெரியாதுன்னு நினைப்பாங்க."
வேலிக்கு அந்தப் பக்கம் ரெங்கநாயகி
கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.
பேர் வெட்டி நாலு வருசம்.
இன்னும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறாள்.
அவளிடம் யாரும் ரேட் கேட்டதில்லை.

நாலாயிரத்து ஐந்நூறு என்று எழுதினேன்.
அதற்கு அவள் எத்தனை கிலோ எடுக்கணும் என்று
கை தன்பாட்டில் வகுக்கப் போனது.
பேனையை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி போன்.
"தொரை மூவாயிரத்து எண்ணூறு சொல்றார், மிஸ்.
ரிட்டையர் ஆனவங்கதானே,
வேகம் கொஞ்சம் குறையும்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
தராசடியில் நின்றிருக்கிறேன், எத்தனையோ மழை நாள்.
கணக்கப்பிள்ளை கூவுவார், நான் எழுதுவேன்:
பதினெட்டு. சாக்குக்கு ஒண்ணு. தண்ணிக்கு ரெண்டு.
பதினஞ்சு.
இடுப்புப் படங்கு சொட்டச் சொட்ட
ஒருத்தி மட்டும் கேட்டாள்,
எங்க ரெண்டு கிலோ தண்ணி, பிழிஞ்சு காட்டு.
ரெங்கநாயகிதான்.
நான் நிமிராமல்
பதினஞ்சு எழுதினேன்.

"தம்பி," என்றேன், துரை என்று வாயில் வரவில்லை,
"எனக்குத் தண்ணி வெட்டாதீங்க.
நாலாயிரத்து ஐந்நூறு.
வெள்ளிக்கு வெள்ளி கையில.
மூணு மாசத்துக்கு மேல ஒரு நாளும் இல்ல."
அந்தப் பக்கம் ஸ்டேப்ளர் இரண்டு தரம் கடித்தது.
"கேட்டுச் சொல்றேன், மிஸ்."

அவரிடம் சொல்லாதது ஒன்று.
அந்த இருநூத்திப் பன்னிரண்டில் கொஞ்சம் என் கைவேலை.
தொண்ணூற்றாறில் புதுப் பதிவேட்டுக்கு மாற்றும்போது
காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதினேன்.
இரண்டு ராமாயிகளின் நம்பரை இடம் மாற்றினேன்.
ஒருத்தி செத்துப்போனாள்.
மற்றவள் ஹட்டன் லேபர் ஒபீசில்
செத்தவளாக இருக்கிறாள்.
கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
தான் உயிரோடிருப்பதைச் சொல்ல
மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறுகிறாள்.

அதைத் திருத்துகிற நாளுக்கு என்ன ரேட்?
பில்லைத் திருப்பி அந்த ஒரு நாளை அடித்தேன்.
அடித்ததை மறுபடி அடித்தேன்.
ஆட்டோக் காசை மட்டும் விட்டுவைத்தேன்.
அதுவும் உறுத்தியது.

சனிக்கிழமை ஒரு வரி வந்தது: சரி மிஸ், திங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ரெங்கநாயகி வேலியோரம் வந்து நின்றாள், நனைந்து.
"ஒபீசுக்கு மறுபடி போறியாமே. எவ்வளவுக்குப் பேசின?"
சொன்னேன். குறைக்காமல்.
அவள் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் சரிசெய்துகொண்டு
கேட்டாள்:
"தண்ணி போகவா,
தண்ணியோடவா?"