ஒன்பதே முக்கால் கோள்

எட்வின் சற்குணம் லட்டு கொடுத்தார்
லிங்கராஜபுரம் மூன்றாவது குறுக்குத் தெருவில்
பதினோரு வீட்டுக்கும்.
பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்றவர்களிடம்
இல்லை, ஒரு கோள் என்றார்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு
இரவில் மொட்டைமாடி ஏறி
எட்டங்குலத் தொலைநோக்கியின் மூடி திறப்பவர்.
பொய் சொல்லத் தெரியாது.
என் கவலையே அதுதான்.
பொய்யரைப் பிடிப்பது சுலபம்.

நான் வங்கியில் காசாளர்.
எதைக் கையில் வாங்கினாலும்
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பேன்,
மொய்க்கவரில் வந்தாலும்.

மடிக்கணினியில் ஒரு கோடு.
நட்சத்திரத்தின் ஒளி நேராக வந்து
நூற்றில் ஒரு பங்கு பள்ளம் விழுந்து
எழுபது நிமிடம் கழித்து ஏறுகிறது.
"முன்னால என்னமோ கடந்து போகுது மேடம்."
தூங்கும் குழந்தையைக் காட்டுவது போல
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மேகம்? என்றேன்.
பக்கத்து நட்சத்திரங்கள் மங்கவில்லையே.
விமானம்?
எழுபது நிமிடமா?
ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரம்?
அதற்கும் ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தார்,
கணக்கு பாதி, ஆசை பாதி.
எத்தனை தடவை?
ஏழு. ஒருநாள் விட்டு ஒருநாள்.
எத்தனை மணிக்கு?
"ஒன்பதே முக்கால். பிசகுறதே இல்ல."
பெருமை.

அங்கேதான் காகிதம் என் விரலில் வழவழத்தது.
எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பால்
யாரையோ சுற்றும் ஒன்று
பெங்களூர் கடிகாரம் பார்த்தா கிளம்பும்?
ராகுகாலம்கூடக் கிழமைக்குக் கிழமை மாறுகிறது.

வியாழக்கிழமை நானும் போனேன்.
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
வானம் சோடியம் விளக்குக் காவியில்;
கண்ணுக்குத் தெரிந்தவை ஏழெட்டு.
அவருடைய நட்சத்திரம் அவற்றில் இல்லை,
திரையில்தான் இருந்தது, ஒரு ரவைப் பொட்டாக.

ஒன்பது நாற்பதுக்குப் பக்கத்து மாடியிலிருந்து
நாகரத்னம்மா கத்தினார்: "நீரு பந்து!"
ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரி.
ஒட்டுச் சுவருக்கு அந்தப்புறம் மோட்டார் உறுமியது.
முக்காலியில் கை வைத்தேன்.
உள்ளங்கை அதிர்ந்தது.

ரவைப் பொட்டு மெல்ல நகர்ந்தது,
மயிரிழைதான்.
நகர்ந்து, கேமராக் கண்ணாடியில் ஒட்டியிருந்த
ஒரு தூசியின் நிழலுக்குள் இறங்கியது.
பள்ளம்.
தொட்டி நிரம்பி வழிந்ததும்
அவர்கள் மோட்டாரை நிறுத்தினார்கள்.
இவருடைய மென்பொருள் பொட்டை
மறுபடி நடுவுக்கு இழுத்து வைத்தது.
ஏற்றம்.

எட்வின் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "லட்டுக்கு இன்னும் முந்நூறு ரூபா பாக்கி" என்றார்.
பிறகு,
"நிஜக் கோளும் இப்படித்தானே மேடம்?
வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு தூசி."
ஆமாம் என்றேன்.
ஆனால் அது தண்ணீர் வராத நாளிலும் வரும்.

வீட்டுக்கு எடுத்துவந்த தாள்களை
நோட்டுக் கட்டு போலப் புரட்டினேன்.
எட்டாவதாக ஒன்று இருந்தது,
பேனாவால் குறுக்கே கோடு போட்டு.
அதிகாலை ஒன்று இருபது.
தண்ணீர் வராத நாள்.
பள்ளம் ஆழமில்லை, ஓரம் பிசிறு.
மற்ற ஏழோடு ஒத்துப்போகாததால்
அவரே கழித்துவிட்டிருக்கிறார்.

தூசியைத் துடையுங்கள் என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

எட்டாவதை நான் நம்பவில்லை.
ஒரு தடவை வந்தது எதுவாகவும் இருக்கலாம்:
வௌவால், பட்டத்து நூல், என் ஆசை.
மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன்.
கிழிக்கவும் இல்லை,
கட்டில் சேர்க்கவும் இல்லை.