பகல் இரண்டு மணி வாடகை

விற்க வந்தவன் கோயம்புத்தூர்க்காரன்.
"அண்ணே, இது தண்ணி கேக்காத புல்லு" என்றான்.
அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார் முதலாளி.
தண்ணீர் கேட்காத எதற்கும்
எங்கள் மாவட்டத்தில் பெண் கொடுப்பார்கள்.

லாரியில் சுருள் சுருளாய் வந்தது,
கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி.
கருவேலத்தை வேரோடு பிடுங்கி
ஜல்லி கொட்டி, பசை தடவி ஒட்டி
மேலே கறுப்பு ரப்பர் குருணை தூவினோம்.
பெரியபட்டினம் சாலையில்
இவ்வளவு பச்சையை ஒருவரும் கண்டதில்லை.
வேலிக்குள் முதலில் நுழைந்தது
காதர்மீராவின் வெள்ளாடு.
ஒரு கடி. மென்றது. நின்றது.
என்னைப் பார்த்தது,
ஏதோ நான் செய்துவிட்டதுபோல.

சாயங்காலம் ஆறிலிருந்து நடுநிசிவரை
இடமே கிடைக்காது.
துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர்கள்,
கீழக்கரைக் கல்லூரிப் பையன்கள்,
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
நோட்டில் எழுதுவது நான்.
உப்புக்காற்று கோல்கம்பத்தைத் தின்பதைப்
பார்த்துக்கொண்டிருப்பதும் நான்தான்.
தடவினால் கையெல்லாம் மருதாணி.

பகல் இரண்டு மணிக்கு மட்டும்
நோட்டில் வெள்ளை.
அந்நேரம் புல் அடுப்பு.
காகம் இறங்கும், உடனே
வேறு வேலை நினைவு வந்ததுபோல் ஏறிவிடும்.

அந்த இரண்டு மணியைத்தான் கேட்டு வந்தார்கள்
களிமண்குண்டில் பாசி எடுக்கும் பெண்கள், ஒன்பது பேர்.
சேலைக்கு மேல் ஆண் சட்டை,
கடலுக்குள் போட்டுக்கொள்ளும் அதே சட்டை.
"பாசிக்குப் போகாத நாளு.
யாருக்கும் குடுக்காத நேரந்தானே,
முந்நூறுக்குத் தாங்க" என்றாள் நம்புராணி.
முதலாளிக்குப் போன் போட்டேன்.
சிரித்தார், சரியென்றார்.
சரியென்றதை மட்டும் சொன்னேன்.

கால் வெந்துபோகுமே என்றேன்.
பாதத்தைத் தூக்கிக் காட்டினாள்.
கடற்பார் கிழித்த கோடுகள்,
பழையது வெள்ளை, புதியது சிவப்பு.
"கல்லுக்குள்ள ஆறு மணிநேரம் நிக்கிற காலு."
சொல்லிவிட்டு டயர் செருப்பை மாட்டிக்கொண்டாள்.
வேகாது என்று அவள் சொல்லவில்லை,
பிறகுதான் கவனித்தேன்.

விதி கொஞ்சம், வாதம் நிறைய.
பந்து ஒருபக்கம் போக
எட்டுப் பேரும் அதே பக்கம் போனார்கள்.
கோலுக்கு நின்ற நாகவள்ளி
பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தாள்.
பந்து நெருங்கும்போதெல்லாம்
மூச்சை இழுத்து அடக்கினாள்.
ஏன் என்றேன்.
"பழக்கம்."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை.
ஒருத்தி ஒற்றைக் காலில் நின்றாள்,
கால் மாற்றினாள், மறுபடி மாற்றினாள்.
எனக்குப் பொறுக்கவில்லை.
போய்க் குழாயைத் திறந்தேன்.
குடிக்க வாங்கிவைத்த டேங்கர் தண்ணீர்,
உவர்ப்புதான், ஆனாலும்
குடம் பன்னிரண்டு ரூபாய்.
தண்ணீர் கேட்காத புல்
ஒரே மடக்கில் குடித்து ஆவி விட்டது.

ஆட்டம் நின்றது.
ஒன்பது பேரும் பார்த்தது
இழவு வீட்டில் யாரோ சிரித்துவிட்டால் பார்ப்பார்களே, அப்படி.
நம்புராணி வந்து குழாயை மூடினாள்.
"இதுக்கா ஊத்துறீங்க?"
நுனியில் சொட்டியதற்கு அடியில்
தூக்குவாளி மூடியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பிறகு வெந்த புல்லிலேயே ஆடினார்கள்.
முழு மணி நேரமும்,
கூட மூன்று நிமிடமும்.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
கோல் எத்தனை என்று
அவர்களுக்கே இரண்டு கணக்கு.

வியர்வையில் நனைந்த முந்நூறு.
அணியின் பெயர் என்றொரு கட்டம் உண்டு நோட்டில்.
கேட்டதும் சண்டை.
ஒருத்தி அம்மன் பேர் என்றாள்,
இன்னொருத்தி மீன் பேர்.
"அமாவாசை கழிச்சு வந்து சொல்றோம்."
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஆறு மணிக்கு விளக்கு போட்டதும்
பையன்கள் வந்தார்கள்.
தண்ணீர் காய்ந்த இடத்தில்
உப்பு பூத்து, வளைந்து வளைந்து
ஒரு வெள்ளைக் கோடு.
"இதென்னண்ணே, புதுசா எல்லை போட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.
அதற்கு இந்தப் பக்கமாகவே ஆடினார்கள்.