இருபத்தேழாம் பெட்டி, நான்காம் கோப்பு

முப்பத்தொரு பெட்டிகளாய் வந்திறங்கினார்
போதகர், பேராசிரியர் ஐவார் ட்வெய்ட்.
பனிவாரும் வண்டி போன தடத்திலேயே
பின்கதவுக்கு வந்து நின்றது லாரி.
கையெழுத்து வாங்கிக்கொண்ட ஓட்டுநர்
"உள்ளே என்ன, செங்கல்லா?" என்றான்.

முதல் வாரம் துருவோடு போயிற்று.
பேப்பர் கிளிப்புகளைக் கழற்றுவதுதான் என் ஊழியம்.
ஒவ்வொன்றும் தன் உருவத்தைத்
தாளில் பழுப்பாய்ப் பதித்து வைத்திருந்தது.
டப்பா நிறைந்ததும் எடை போட்டேன், சும்மாதான்:
நானூற்றுப் பத்து கிராம்.

மின்னசோட்டாவின் வடக்கே
ஏரிகளைவிட லுத்தரன் சபைகள் அதிகம் என்று
தங்களையே கேலி செய்துகொள்ளும் வட்டாரம்.
வாரநாளில் கல்லூரி, ஞாயிறு பிரசங்க மேடை,
நாற்பது வருஷம்.
ஆகவே இரண்டு வரிசை போட்டேன்.
ஒன்று, விரிவுரைகள்.
இரண்டு, பிரசங்கங்கள்.
எதிலும் அடங்காததற்கு 'இதர' என்றொரு பெட்டி:
பனிக்காலணி ரசீது,
காதுக்கருவியின் உத்தரவாதச் சீட்டு,
கோயில் கூரை ஒழுகுவது பற்றி
ஒரே ஆளுக்கு எழுதிய பதினாறு கடிதங்களின் நகல்.

சுலபம் என்றுதான் நினைத்தேன்.

மனிதர் சிக்கனம்.
எந்தத் தாளின் முதுகையும் சும்மா விட்டதில்லை.
புத்தர் துறவின் பின்னால் ஞானஸ்நானப் பட்டியல்.
யாரோ தோற்ற தேர்வுத்தாளின் பின்னால்
அறுப்பின் பண்டிகைக்கு ஒரு ஜெபம்.
இரண்டு பக்கமும் ஒரே தட்டச்சு;
ஓர் எழுத்து மட்டும் எப்போதும்
அரை வரி மேலே குதித்து நிற்கும்.

இருபத்தேழாம் பெட்டி, நான்காம் கோப்பு.
முன்பக்கம்: மார்ச் 1967, புதன், காலைப் பத்து மணி வகுப்பு.
"காலியான கல்லறை பிந்தைய அடுக்கு.
ஆரம்ப சாட்சிகள் அதைச் சொல்லவில்லை.
பிள்ளைகள் கலங்குவார்கள். அவசரப்படாதே."

பின்பக்கம்: அதே வாரம், சனி.
எல்டன் ஹௌகன், ஒன்பது வயது.
ஏரி இன்னும் தாங்கும் என்று நம்பி நடந்தவன்.
"கல்லறை காலியாக இருந்தது.
நண்பர்களே, காலியாக இருந்தது."
இரண்டாவது 'காலி'யின் அடியில் பென்சில் கோடு,
தாள் கிழியாமல் தப்பிய கோடு.

திருப்பினேன்.
'அவசரப்படாதே'யின் நடுவே
தடிப்பாய் எழும்பியிருந்தது அது.
கண்ணுக்குத் தெரியாது.
விரலில் தட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு தாளுக்கு ஒரே வீடு.
மேலாளர் வெர்னா கோஸ்ட்கா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்:
"எது முதலில் எழுதினதோ அதில் போடு."
போய்விட்டுத் திரும்பி வந்தாள்.
மறுபடி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டுலூத்திலிருந்து மகள் மார்கிட் பேசினாள்,
காப்புரிமைப் படிவம் விஷயமாய்.
வைக்கப் போகும் நேரத்தில் கேட்டாள்:
"எல்லாவற்றையும் படிக்கிறீர்களே,
அப்பா நம்பினாரா?"
விவரப்பட்டியலில் அந்தக் கட்டம் இல்லை என்றேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அந்தப் பையனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து
பியானோ மூடியைச் சாத்தினார்.
ஈஸ்டர் வரைக்கும் நாங்கள் திறக்கவில்லை.
ஏன் என்று கேட்கவும் இல்லை."

கூரைக் கடிதங்களுக்கு நடுவே
செருகிக் கிடந்தது ஒரு தபால் அட்டை.
விலாசம் இல்லை; கையில் கொடுத்திருக்க வேண்டும்.
"இரண்டு தடவை சொன்னதற்கு நன்றி.
முதல் தடவை எனக்குக் காதில் விழவில்லை.
திருமதி ஹௌகன்."

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.
அடுத்த புதன்கிழமைக் குறிப்பையும் தேடி எடுத்தேன்.
விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது,
பிந்தைய அடுக்கு, அதற்கான மூன்று காரணங்கள்.
ஒரு சொல்லையும் தணிக்கவில்லை அவர்.
ஓரத்தில் மட்டும்: "ஜன்னலைத் திறந்து வை."

ஐந்து மணிக்கு வெப்பக் குழாய்கள் முனகத் தொடங்கின.
பென்சிலைச் சீவிக்கொண்டு
எந்த வரிசை என்ற இடத்தைக் காலியாக விட்டு
கோப்பின் மேல் எழுதினேன்,
இதற்கென்று தொழிலில் வழங்கும் வாசகம்தான்:

தாள் ஒன்று.
இருபுறமும் எழுதப்பட்டது.